லேடி டாக்டரின் மாடு

யுத்த காலம் அது. சாமிதுரையின் மில்லில் தீட்டிய அரிசி அவ்வளவு வெள்ளை. அதைப் பார்த்து வெட்கப்பட்டு, உடையார்பாளையத்துக் கொக்குகள் எல்லாம் அரும்பாவூருக்குக் குடிபோய்விட்டன. சந்தேகமிருந்தால் அங்கே போய்க் கேளுங்கள்.

அந்தச் சாமிதுரையின் வீட்டில் கைக்குழந்தைப் பேரன் மூச்சுக்குத் தவித்தான். அழுதால் சத்தம் வரவில்லை. மூத்த பேரனும் இப்படித்தான் போய்ச் சேர்ந்திருந்தான்.

அரியலூரிலிருந்து லேடி டாக்டர் கமலவேணி வந்தார். குழந்தையைப் பார்த்துவிட்டு, தாய் என்ன சாப்பிடுகிறாள் என்று விசாரித்தார்.

"பத்தியச் சோறுங்க. எங்க மில்லு அரிசி. ஒரு தூசி தவிடு இருக்காது!" என்றாள் சாமிதுரையின் மனைவி ரத்தினம்மாள்.

"மருந்து அனுப்புறேன். பீஸ் வேணாம். என் மாட்டுக்குப் புதுத் தவிடு ஒரு மூட்டை உடனே அனுப்புங்க."

டாக்டர் வண்டியேறியதும் ரத்தினம்மாள் பொருமினாள். "புள்ள உசுரு ஊசலாடுது, இந்தம்மா மாட்டுக்குத் தீனி கேக்குது பாருங்க!"

பழுப்பு நிறத்தில் மருந்து வந்தது. தாய்க்கு டம்ளரில், பிள்ளைக்குச் சொட்டுச் சொட்டாக. அந்த வாரமே பயல் அழுத அழுகையில் மில் எஞ்சின் சத்தம் யார் காதிலும் விழவில்லை.

சாமிதுரை வெண்கல மணியோடு அரியலூருக்கு ஓடினார். "மாடு எங்கம்மா? இந்த மணியை என் கையால அது கழுத்துல கட்டணும்."

கொல்லையில் மாடுமில்லை, தொழுவமுமில்லை. தவிடு ஊறும் அண்டாவும், வடிகட்டும் துணியும், மருந்து பாட்டில்களும்தான் இருந்தன.

"வெள்ளை அரிசியில இல்லாத வைட்டமின் தவிட்டுல இருக்குங்க. மருந்தே மாட்டுத் தீனிதான்னு சொன்னா புள்ளைக்குக் குடுத்திருப்பீங்களா?" டாக்டர் சிரித்தார். "மணியைத் தொட்டில்ல கட்டுங்க. தவிட்டைத் தின்ன மாடு அங்கதான் படுத்திருக்கு."