பத்தாம் நிலை

“கொஞ்சங்கூடக் கூசாம எழுதியிருக்கீங்களேக்கா!”

நிலநடுக்க ஆய்வு அலுவலகத்திலிருந்து வந்த பெண், தையல்காரி நீட்டிய தண்ணீரைக் குடிக்காமல் மேசைமேல் ‘ணங்’கென்று வைத்தாள்.

பூமி எவ்வளவு ஆடியது என்பதைக் கருவி சொல்லிவிடும். அந்த ஆட்டம் வீடுகளை என்ன பாடு படுத்தியது என்பதை மனிதர்கள்தான் படிவத்தில் எழுதித் தர வேண்டும். அதை வைத்து ஒன்று முதல் பன்னிரண்டு வரை நிலை போடுவார்கள். திங்கட்கிழமை அதிர்வுக்கு ஊரே ‘இரண்டு’ என்றது. செவ்வாயன்று பெட்டியில் கிடந்த இந்த வீட்டுப் படிவம் மட்டும் பத்து! இதனாலேயே அவள் வரைந்த வரைபடத்தை மேலதிகாரி தூக்கியெறிந்தார். ‘படிச்சு வந்த லட்சணம்’ என்று வேறு சொன்னார். இன்றைக்குள் இதைப் பொய்யென்று நிரூபிக்காவிட்டால் வேலை போய்விடும்.

“திங்கக்கிழமையா? லாரி போனாக்கூட வீடு அதவிட ஆடும்மா,” என்றான் காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்த தையல்காரியின் கணவன்.

“அப்ப இது? ‘சுவர் விழுந்ததா? ஆம். கூரை? ஆம். வீட்டில் எத்தனை பேர்? ஐந்து. வெளியே ஓடினீர்களா? யாரும் வரவில்லை.’ யாரும் வரலைன்னா இத எங்க பெட்டியில போட்டது யாரு, பேயா?”

தரையில் கிறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளும் களுக்கென்று சிரித்தன.

தையல்காரி சிரிக்கவில்லை. “எழுத்து என்னோடது மாதிரிதான்மா இருக்கு. ஆனா சத்தியமா நான் எழுதல. நாங்க நாலு பேருதானே?”

“பொய்ய எழுதினாலும் தலைய எண்ணி எழுத வேணாமா?”

படிவத்தை உதறினாள். மடிப்பிலிருந்து சிமெண்டுத் தூள் உதிர்ந்தது. தேதிக் கட்டத்தில் வெள்ளை மைப் பூச்சு, அதன்மேல் ‘திங்கள்’. அது ஆபீஸ் கிளார்க்கின் கைவரிசை. கருவியின் பதிவோடு ஒத்துப்போகாத தேதியைப் பார்த்தால், ‘இந்த ஜனங்களுக்குக் கிழமையே தெரியாது’ என்று அவரே பூசி மாற்றிவிடுவார்.

நகத்தால் சுரண்டினாள். அடியில், வியாழக்கிழமை, மாலை நான்கு பத்து.

“இன்னிக்கு என்ன கிழமைக்கா?”

“வியாழன். ஏம்மா, முகம் இப்படி வெளுத்துப்போச்சு?”

சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு ஒன்பது. தம்ளர் தண்ணீரில் ஒரு வளையம் எழுந்து விரிந்தது.

அவள் வீட்டிலிருந்தவர்களை எண்ணினாள். நான்கு பேர். பிறகு, தன்னையும் சேர்த்து எண்ணினாள்.