தலையணையும் மூட்டையும்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாகச் சொன்னால் மூட்டை கோபித்துக்கொள்ளும்.

பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்த செங்கமலத்தை, வீடில்லாதவர்கள் தங்கும் காப்பகத்துக்குக் கூட்டி வந்தார்கள். கூடவே அவளுடைய பழஞ்சேலை மூட்டையும் வந்தது. இத்தனை வருஷமும் அதன்மேல்தான் தலைவைத்து, முடிச்சு நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்குவாள். இல்லாவிட்டால் யாராவது உருவிக்கொண்டு போய்விடுவார்களே.

காப்பகத்தில் அவளுக்கென்று ஒரு கட்டில் போட்டிருந்தார்கள், அதில் ஒரு வெள்ளைத் தலையணை. பார்த்ததுமே மூட்டைக்கு வயிறு எரிந்தது.

"அக்கா, இனி உனக்கு இங்க வேலையில்ல. கட்டிலுக்கு அடியில போய் ஒதுங்கிக்கோ" என்றது தலையணை.

"நீ அவகூட மழையில நனைஞ்சிருக்கியாடி?" என்றது மூட்டை.

செங்கமலம் கட்டிலைத் தொடவேயில்லை. மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு சில்லென்ற வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தாள். மூட்டைக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் விடிந்ததும் அவள் இருமிய இருமலில் அதுவும் சேர்ந்து குலுங்கியது.

"தரைதான் பிடிக்குதுன்னா கட்டிலை வேற ஆளுக்குக் கொடுத்துடலாம்" என்றாள் காப்பகத்து அம்மா.

கட்டிலோடு தலையணையும் தொலையும் என்று மூட்டைக்கு ஒரு நிமிஷம் இனித்தது. அதற்குள் மறுபடி இருமல்.

செங்கமலம் குளிக்கப் போன நேரத்தில், மூட்டை உருண்டு புரண்டு கட்டிலில் ஏறியது.

"நீ எதுக்கு இங்க வந்த?" என்றது தலையணை.

"நான் இருக்கிற இடத்துக்குத்தான்டி அவ வருவா."

"சரி, பக்கத்துல படுத்துக்கோ."

"பக்கத்துலயா?" என்ற மூட்டை, தலையணையின் மேலேயே ஏறி அழுத்தி உட்கார்ந்துகொண்டது.