ஹெல்மெட்டோடு ஒரு திதி

2024 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை பகலில், தாராபுரத்தில் சென்னிமலை தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தன் அப்பாவுக்குத் திதி கொடுத்தார்.

"ஏனுங்க, அதைக் கழட்டிப்போட்டுக் கூப்புடுங்க. அதுக்குள்ள இருந்துட்டு கா கான்னா வெளிய எப்படிங்க கேக்கும்?" என்றாள் மனைவி மாரியாத்தாள்.

"கழட்டுனா மண்டையில ஓட்டை விழும். அவரு கம்பத்து மேல உக்காந்து என்னையத்தான் பாத்துட்டு இருக்காரு."

'அவரு' என்றது காக்கையை. சித்திரையில் வாசல் வேப்பமரத்துக் கிளையைச் சென்னிமலை வெட்டியபோது, அதிலிருந்த கூடும் சேர்ந்து விழுந்தது. கூட்டுக்காரக் காக்கை ஆளை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டது. மறுநாளிலிருந்து அவர் படி இறங்கினால் உச்சியில் ஒரு கொத்து. குடை பிடித்தார், குடைக்குள் புகுந்து கொத்தியது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினார். கண் தெரியாமல் மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தார். கடைசியில் மாரியாத்தாளின் சேலையைச் சுற்றி, முக்காடு போட்டுக்கொண்டு வெளியே வந்தார். காக்கை முதலில் முக்காட்டை இழுத்துப் போட்டது. பிறகு கொத்தியது. பால் ஊற்ற வந்த பெண் அதைப் பார்த்துவிட்டுத் தெரு முழுக்கச் சொன்னாள்.

அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். இன்றைக்குத்தான் தாங்க முடியவில்லை. படைத்த சோற்றைக் காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் வாய் நனைக்கக் கூடாது. எடுக்கவே இல்லையென்றால் அப்பா வரவில்லை என்று அர்த்தம்.

மதிலுக்கு அந்தப் பக்கமும் "கா... கா..." என்று குரல் கேட்டது. தம்பி சிவன்மலை. பூர்விக வீட்டை நடுவில் மதில் எழுப்பிப் பிரித்தபோது, அப்பாவுக்கு எந்தப் பக்கம் இலை போடுவது என்று பேச்சு முற்றியது. அன்றோடு அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. இலை இரண்டானது.

"அவன் என்னத்தப் படைச்சிருக்கான்னு பாரு கண்ணு."

மகள் மேக்னா மதிலை எட்டிப் பார்த்தாள். "வடையும் பாயசமும் வெச்சிருக்காருங்கப்பா."

"ஏ புள்ள, அந்தக் கச்சாயத்தை எடுத்தா. அப்பாவுக்கு அதுன்னா உசுரு."

வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் இலைக்கு வந்தது. மதிலுக்கு அப்பால் நெய் மணத்தது. இவர் தயிரை ஊற்றினார். அங்கே அப்பளம் நொறுங்கியது. இலை நிறைய நிறையக் குரல்களும் ஏறின. தெருவில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி, "ஏனுங்க, ஏதாச்சும் ஏலம் போகுதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காக்கை இரண்டு இலைகளையும் மேலிருந்து பார்த்தது. அலகைக் கம்பியில் தீட்டியது. பின்தெருப் பக்கம் பறந்து போய், சாவகாசமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தது.

"மாமா, கோவிச்சுக்காம வாங்க மாமா. பசியில கண்ணு இருட்டுது," என்று மாரியாத்தாள் அதைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"தாத்தா என்னங்கப்பா பண்ணுவாரு?" என்றாள் மேக்னா. "நம்மூட்டுக்கு வந்தாச் சித்தப்பாவுக்கு வருத்தம். சித்தப்பா ஊட்டுக்குப் போனா உங்களுக்கு வருத்தம். கம்பத்து மேலயே இருந்துக்கலாம்னு இருந்துட்டாருங்க."

சென்னிமலை மதிலைத் திரும்பிப் பார்த்தார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வியர்வை கழுத்தில் வழிந்தது. மெல்ல நடந்து மதிலருகே போய் நின்றார்.

"சிவா."

அந்தப் பக்கம் 'கா... கா...' நின்றது.

"சொல்லுங்ணா." இத்தனை வருஷம் பேசாமல் இருந்தும் அந்த 'ங்' மட்டும் தேயவில்லை.

"உங்கூட்டுலயும் எடுக்கலியா?"

"இல்லீங்ணா. ஒரு பருக்கை தொடல."

"அப்பக் கொண்டா. மதிலு மேல சேத்து வெச்சுப் பாப்போம்."

"எந்த எலை முன்னாலிங்ணா?"

"ஒரே எலைதான்டா."

மதிலின் மேல் ஒரு தலைவாழை இலை விரிந்தது. வடையும் கச்சாயமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. மேக்னா போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். காக்கை இன்னொரு முறை பின்தெருவுக்குப் போய், இந்தத் தடவை உடனே திரும்பி வந்தது.

சென்னிமலை கண்களை இறுக மூடிக்கொண்டு ஹெல்மெட்டைக் கழற்றினார்.

காக்கை கம்பத்தை விட்டுக் கிளம்பியது. நேரே வந்து வழுக்கையில் நங்கென்று ஒரு கொத்து. பிறகு மதிலில் இறங்கி, கச்சாயத்தில் ஒரு வாய், வடையில் ஒரு வாய், சோற்றில் ஒரு வாய் என்று நிதானமாக எடுத்தது.

"அப்பாவேதான்," என்று சென்னிமலை உச்சியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். "சின்ன வயசுல இதே எடத்துலதான் கொட்டுவாரு."

"எனக்குக் கொட்டலீங்களே," என்று சிவன்மலை குறைப்பட்டுக்கொண்டார்.

"நீ செல்லப் புள்ளையாச்சே. வா, உள்ள வா. சோறு ஆறுது."

இரண்டு வீட்டாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். சித்தப்பாவுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மேக்னாவின் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. பின்தெரு அப்துல் வஹீது வீட்டுப் பெண், அவளோடு கல்லூரியில் படிக்கும் யுஸ்ரா அனுப்பியிருந்தாள்.

"நீ சொன்னதும் மொட்டை மாடியில காக்காவுக்கு வெச்சிருந்த பிரியாணித் தட்டை எடுத்துட்டேன். உங்கப்பாவும் சித்தப்பாவும் பேசிட்டாங்களா இல்லியா? காலைல இருந்து உங்க தாத்தா வந்து சாப்பிட்டதுல எங்கூட்டுல அரை டேக்சா பிரியாணி காலி."