இரட்டை விசில்

ஓய்வுபெற்ற கண்டக்டர் ஞானதிரவியம் முப்பத்திரண்டு வருடம் ஊரையே ஏற்றி இறக்கினாரே தவிர, மனைவி எஸ்தரை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. அந்தக் குறை தீரத்தான் இந்தப் பழைய கோட்டை நகரத்துக்குக் குடிவந்தார்கள். அன்று சாயங்காலம் கடலோரக் கோட்டை மதிலில் இருவரும் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது, சுற்றுலாக் கூட்டமொன்று படியேறி வந்தது. அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"படியில நிக்காதீங்க, உள்ள தள்ளி உக்காருங்க!"

வந்தவர்களும் மறுபேச்சில்லாமல் மதிலில் உட்கார்ந்தார்கள். பழக்கதோஷம், எழுந்து நின்று பையிலிருந்த விசிலை எடுத்து இரண்டு தரம் ஊதிவிட்டார். அடியில் கருங்கல் உறுமியது. மதில் மெல்லக் கடல்பக்கம் நகர்ந்தது. நிறுத்துவதற்கு ஒற்றை விசில் ஊதப்போனவரின் கையை எஸ்தர் பிடித்துக்கொண்டாள்.

"இப்பத்தான கெளம்பியிருக்கு. பேசாம உக்காருங்க" என்று நகர்ந்து அவருக்கு இடம்விட்டாள்.