ஆழமாகிக்கொண்டே போன கிணறு

"ஏட்டி ஆவுடை, கெணறு எத்தன அடின்னு சொல்லணும்?"

"போன வருசம் அம்பதுன்னிய. பேத்தி கல்யாணத்துல அறுவதுன்னிய. எது தோதோ அதச் சொல்லுங்க" என்றாள் ஆவுடையம்மாள், கணவரின் ஜரிகை அங்கவஸ்திரத்தை மடித்தபடி.

வைகுண்டராஜ் செருமிக்கொண்டார். ராஜபாளையத்தில் ஜின்னிங் மில் முதலாளி. முன்னொரு காலத்தில், வன்னியம்பட்டித் தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்த கணக்குப்பிள்ளையின் மகனைக் குதித்துக் காப்பாற்றியவர். அன்றிலிருந்து எந்தக் கல்யாண வீட்டிலும் மாப்பிள்ளை தாலி கட்டுவதும், இவர் கிணற்றில் குதிப்பதும் தவறாமல் நடக்கும். கல்யாணத்துக்குக் கல்யாணம் கிணறு ஆழமாகிக்கொண்டே போனது. அரசாங்கம் தூர்வாரியிருந்தால்கூட அம்புட்டு ஆழம் வந்திருக்காது.

அந்தப் பையன் சம்பத்குமார் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரிய வக்கீல். இன்று சாயங்காலம் அங்கே மண்டபத்தில் முதலாளிக்கு 'வீரத் திலகம்' பட்டம் கொடுக்கிறார்.

ஆவுடையம்மாளுக்குத்தான் கவலை. மனுஷனுக்குக் காலையில் தின்றது மத்தியானம் நினைவில்லை. போன வாரம் சொந்த மில் வாசலில் நின்றுகொண்டு, "இது யாரு மில்லு?" என்று வாட்ச்மேனிடம் கேட்டிருக்கிறார். மேடையில் கதை பாதியில் நின்றால் ஊரே சிரிக்கும்.

"பயப்படாதிய. நேத்து நடந்ததுதான் மறக்குமாம், பழசெல்லாம் வயசாக ஆகக் கண்ணாடி கணக்கா வருமாம். டாக்டரு சொன்னாரு. எங்க, ஒருதரம் சொல்லுங்க."

"குதிச்சேன். புள்ளையப் பிடிச்சேன். தோள்ல போட்டேன். ஒத்தக் கையால கயிறப் பிடிச்சு ஏறினேன்."

"சின்னக்கருப்பன் பேர விட்டுறாதிய. பாவம், கமலை மாடு ஓட்டித் தண்ணி எறைச்சவன். நீச்சல் தெரியாம உங்க பின்னாலயே குதிச்சுச் செத்தான்னு நீங்கதான சொன்னிய? நான் பேறுகாலத்துக்கு எங்கம்மா வீட்டுல கெடந்தேன், பார்த்தேனா கொண்டேனா."

"அவன் எதுக்குட்டி நடுவுல? கைத்தட்டு கொறைஞ்சிரும்."

சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. ஒருவர் முதலாளியை அர்ச்சுனன் என்றார். அடுத்தவர் அர்ச்சுனனுக்கு நீச்சல் தெரியுமா என்ற சந்தேகத்தில் அனுமன் என்றார். சம்பத்குமார் பட்டயத்தைக் கையில் கொடுத்து, மைக்கைத் திருப்பி வைத்தார். வீடியோக்காரர் விளக்கை முகத்தில் அடித்தார்.

"அறுவதடிக் கெணறு" என்று தொடங்கினார் வைகுண்டராஜ். கைத்தட்டல். ஆவுடையம்மாள் மூச்சு விட்டாள்.

"குதிச்சேன். அம்புட்டுக் குளிரு. புள்ள முடி கையில சிக்குச்சு. கெணத்துப் படி தண்ணிக்கு மேலயே நின்னுபோச்சு. எட்டல. புள்ளையத் தலைக்கு மேல தூக்கி, படியில நின்னவுககிட்டக் குடுத்தேன்..."

ஆவுடையம்மாள் நிமிர்ந்தாள். தோளில் போட்டு ஏறியதாகத்தானே சொல்வார்? படியில் யார் நின்றது?

முதலாளி பேச்சை நிறுத்திவிட்டார். விளக்கையே பார்த்தார். அந்தப் புழுக்கத்தில் அவர் பற்கள் குளிரில் போலத் தந்தியடிப்பது மைக்கில் கேட்டது. பிறகு, தோளில் கிடந்த ஜரிகை அங்கவஸ்திரத்தை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மெல்லக் கூனினார்.

அவள் பதறி மேடையேறினாள். "என்ன செய்யுது? தண்ணி வேணுமா?"

ஐம்பது வருடமாக அவளை 'ஏட்டி' என்று மட்டுமே கூப்பிட்டவர், வாய் பொத்தி நின்றார்.

"தண்ணி வேண்டாம் தாயி. கழுத்து வரைக்கும் தண்ணிதான்."

அவள் கேட்டறியாத ஒடுங்கிய குரல். அவர் அவள் தோளுக்கு மேலே, எங்கோ உயரத்தில் தெரிந்த வெளிச்சத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:

"மொதலாளி எங்க தாயி? புள்ளைய வாங்கிட்டு மேல போனாவ. 'செத்த நேரம் பொறுலே கருப்பா, கயிறு எடுத்துட்டு வாரேன்'னாவ. இன்னும் காணுமே?"