எர்மான்னோவின் மௌனம்

ஒத்திகை முடிந்தால் போய்ப் படுக்கலாம் என்றிருந்தது எர்மான்னோவுக்கு. இசை எழுதியே அலுத்துப்போன மனிதர். எழுதியவற்றில் அவருக்கே இன்னும் பிடித்திருந்தது இந்த ஒன்றுதான். அதிலும் நடுவில் வரும் அந்த நீண்ட மௌனம். மொத்த வாத்தியங்களும் ஓய்ந்து, அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும் இடம்.

அந்த இடம் வந்தது. வயலின்கள் எல்லாம் இறங்கின. பின்வரிசையில் டிரம் வாசிப்பவன் வாயில் கையை வைத்து இருமினான்.

எர்மான்னோ எழுந்துவிட்டார். "யாருப்பா அது? உடம்பு சரியில்லன்னா வீட்டுல இருக்க வேண்டியதுதானே!"

குழுவை நடத்திய ஒர்னெல்லா பதறித் திரும்பினாள். "இந்த இருமல் பழைய இசைத்தட்டுல இருக்கே, மாஸ்ட்ரோ! நீங்க அப்புறமா சேர்த்தீங்கன்னு நினைச்சோம். உங்களோட இன்னொரு இசையில கதவையே அடிச்சுச் சாத்துவாங்களே. பாவம், பழகிப் பழகி இவன் தொண்டையே போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்தத் தட்டு முதல் கச்சேரியில் பதிவானது. அன்று பார்வையாளர்களின் முன்வரிசையில் உட்கார்ந்து இருமியவள் அவர் மனைவி நிவெஸ். வீடு போய்ச் சேரும்வரை அவளைத் திட்டித் தீர்த்தார். அவள் இறந்த பிறகு அந்தத் தட்டை அவர் போட்டதே இல்லை.

"தப்புன்னா எடுத்துடறோம், மாஸ்ட்ரோ. நாளைக்குக் கச்சேரியில சுத்தமான மௌனம்தான்."

எர்மான்னோ மெல்ல உட்கார்ந்தார்.

"இன்னும் அடக்கி இருமச் சொல்லு," என்றார். "யாரோ திட்டுவாங்கன்னு பயந்த மாதிரி. அப்புறம் ஒரு இருமல் மிட்டாய்த் தாளைப் பிரிக்கிற சத்தம் வரணும். அது தட்டுல பதிவாகல."