மூன்றாவது வாள்

"அருள் அண்ணை, அந்த மனுசன் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. பெரிய கதை கதைச்சு எல்லாத்தையும் குழப்பிப் போடாதேங்கோ."

ரொறன்ரோவின் மில்லிக்கனில் ஒரு வீட்டு வாசலில் காரை நிறுத்தியபடி பேர்ணடெற் இதை மூன்றாம் தடவையாகச் சொன்னாள். லோயரின் கந்தோரில் மொழிபெயர்ப்பு வேலை அவளுக்கு. கரவெட்டிக்காரரான அருள்நாயகத்தின் அகதி வழக்கு அடுத்த கிழமை.

"பயப்பிடாதை தங்கச்சி. இரும்பைப் பற்றி எண்டா என்னை நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன்."

"உங்களுக்குப் பகிடி. எனக்கெண்டா பயமாக் கிடக்கு."

பயப்படாமல் என்ன செய்வாள்? ஊரில் சண்டை முடிந்து இரண்டு கிழமைதான் ஆகிறது. அருள்நாயகத்தின் முன்னங்கை இரண்டிலும் நெருப்புச் சுட்ட தழும்புகள். வழக்குக் கேட்கிறவர்களுக்கு அவை வன்னியில் ஆயுதம் தூக்கிச் சண்டை பிடித்துப் பட்டவையாகத் தெரிந்தன. கனடாவுக்கு வரும் வழியில் ஏஜென்சிக்காரன் லாவோஸில் கைவிட்டுப் போனான், இரண்டாயிரத்தாறு தொடக்கம் இரண்டரை வருடம் அங்கே ஒரு கிராமத்துப் பட்டறையில் வாள் அடித்தேன் என்பது அவர் சொன்ன கதை. சாட்சிக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை. நம்பாவிட்டால் பிளேன் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

"இவருக்கு எங்கள் தொழில் தெரியும்" என்று வாள் தெரிந்த ஒரு லாவோஸ்காரர் கடிதம் கொடுத்தால் உதவும் என்று லோயர் சொல்லியிருந்தார். அப்படித் தேடிப் பிடித்த ஆள்தான் புன்மி. தன் நாட்டுச் சண்டை முடிந்த காலத்தில் ரொறன்ரோவுக்கு வந்தவர், வாளடிக்கிற குடும்பம். அருள்நாயகத்துக்கு லாவோஸ் பாஷை நாலைந்து சொல்லுக்கு மேல் ஏறவில்லை; பேச்சு பேர்ணடெற்றின் இங்கிலிஷில்தான்.

புன்மி கதை வளர்க்கவில்லை. கராஜுக்குள் கூட்டிப்போனார். மேசையில் மூன்று வாள்கள். மூன்றுக்கும் நீளமான பிடி, பிரம்பு வரிந்த மர உறை.

"மூண்டையும் பாக்கட்டாம்," என்றாள் பேர்ணடெற். "எது லாவோஸ்காரர் கையால செய்தது, எது இல்லை எண்டு சொல்லட்டாம்."

அருள்நாயகம் முதல் வாளை எடுத்து நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார்.

"இது சுத்தியல் படாத சாமான். மெசினில தகட்டை வெட்டி அரைச்சிருக்கிறாங்கள். புட்டு வெட்டக்கூடக் காணாது."

புன்மி தலையை ஆட்டினார்.

இரண்டாவது. "இது அசல். லொறி ஸ்பிரிங்கை அடிச்ச வாள். முதுகு தடிப்பு, வாய் மெல்லிசு. லாவோஸ்காரன் செய்ததுதான், நல்ல கைகாரன்."

புன்மி சிரித்தே விட்டார். அருள்நாயகத்தின் தோளில் தட்டினார். பேர்ணடெற்றுக்கு மூச்சு வந்தது. "இன்னும் ஒண்டுதான் அண்ணை. கவனம்."

மூன்றாவது வாளை அவர் கனநேரம் கையில் வைத்திருந்தார். அலகின் மேல் பெருவிரலை மெல்ல ஓட்டினார்.

"இது லாவோஸ்காரன் செய்தது இல்லை."

"என்ன? ஒருக்கா வடிவாப் பாருங்கோ அண்ணை."

"பாத்திட்டன். அப்பிடியே சொல்லு."

அவள் அதை அப்படியே சொன்னாள். புன்மியின் முகம் கறுத்தது. மேசையில் விரலால் குத்திக் குத்திப் படபடவென்று பேசினார்.

"எல்லாம் போச்சு அண்ணை. உது அவற்ற வீட்டு ஹோலில தொங்கிற வாளாம். இரண்டாயிரத்தேழு ஆடியில ஊருக்குப் போய், பட்டறை வாசல்ல நிண்டு, சூடு ஆறமுதல் வாங்கினவராம். உதையே இல்லை எண்டு சொல்லுற ஆளுக்குக் கடிதம் தரமாட்டாராம்."

"கள்ளச் சாமான் எண்டு நான் சொல்லேல்லை. லாவோஸ் வாள்தான். ஆனா லாவோஸ்காரன் செய்யேல்லை."

"ஐயோ, உதென்ன விதண்டாவாதம்? 'பிழைச்சுப் போச்சு, சொறி' எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. காலில விழுந்தெண்டாலும் கடிதத்தை வாங்கிக்கொண்டு போவம்."

"நான் ஏன் விழவேணும்? சொன்னது சரி."

"அப்ப எப்பிடிச் சரி எண்டு விளங்கப்படுத்துங்கோவன்!"

"வந்த நாள் தொட்டு வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு தங்கச்சி. ஆர் நம்பினது?" அவர் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார். "உந்தப் பெயின்ற் உரிக்கிற ஹீற் கன்னை ஒருக்கா எடுத்துத் தரச் சொல்லு."

புன்மி அவரை மேலும் கீழும் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

"வாளுக்கு ஏதும் நடந்தா பொலிசைக் கூப்பிடுவாராம்."

"கூப்பிடட்டும். அவையும் வந்து பாக்கட்டும்."

லாவோஸ் வாளின் பிடிக்கு ஆணி கிடையாது. உள்ளே உருக்கி ஊற்றிய அரக்குத்தான் வாளைப் பிடித்து வைத்திருக்கும். அருள்நாயகம் பிடியின் கழுத்தைச் சுற்றிச் சூடு காட்டினார். அரக்கு இளகி மணத்தது. ஒரு திருகு, ஒரு இழுவை. பிடி தனியாக, வாள் தனியாக வந்தது.

பிடிக்குள் மறைந்து கிடந்த, அரம் படாத கறுத்த இரும்பு நாக்கைத் துணியால் அழுத்தித் துடைத்துப் புன்மியிடம் நீட்டினார்.

புன்மி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். உளியால் குத்திய எழுத்துகள். திருப்பிப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார். அவருடைய மொழி இல்லை. வாளைப் பேர்ணடெற்றின் கையில் கொடுத்தார்.

அவள் வெளிச்சத்துக்குப் பிடித்து எழுத்து எழுத்தாக வாசித்தாள்.

"அருள்நாயகம்... கரவெட்டி."